பவளத்துக்குள் வாழும் பாசியை ஆய்வகத்தில் தனியாக வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா வகையும் பிடி கொடுக்காது. பவளம், கடற்சாமந்தி, சில ஜெல்லி மீன்கள் ஆகியவற்றின் திசுவுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகிறது. விலங்கு இடமும் தன் கழிவிலுள்ள நைட்ரஜனும் தருகிறது. இதுதான் கூட்டுவாழ்வு.

பிரித்தெடுப்பது பெரிய வித்தை இல்லை. திசுவை வடிகட்டிய கடல்நீரில் அரைத்துச் சுழற்றினால் அடியில் பழுப்பு வண்டல் படியும். அதைப் பலமுறை அலசி, நைட்ரேட், பாஸ்பேட், வைட்டமின் கலந்த கடல்நீரில் விட்டு, சுமார் 25 டிகிரியில், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைப்பார்கள். விலங்குக்குள் அசையாத உருண்டையாகக் கிடந்த செல், இங்கே சாட்டை போன்ற இழை முளைத்துப் பகலில் நீந்தும்!

சிக்கல் அப்புறம்தான். கூடவே வந்த டயட்டம்கள் என்ற வேறு ஒரு செல் பாசிகளும் பெருகும். அவற்றை அடக்க ஜெர்மேனியம் டைஆக்சைடு என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. பாசியிலும் பல வகை கலந்திருக்கும். பாத்தியில் விதைத்த பயிரைக் களை முந்துவது போல, விலங்குக்குள் சொற்பமாக இருந்த வகை குடுவையை நிறைத்துவிடலாம்.

ஆகவே, குடுவையில் செழித்ததுதான் அந்தப் பவளத்தின் முக்கியப் பாசி என்று பலர் நினைப்பது சரியல்ல. குடுவைப் பாசியின் மரபணுவைப் பவளத்துக்குள் உள்ள பாசியின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.