திறந்த காருக்குக் காவல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, கூரை இல்லாத பழைய கார்களைப் பற்றியவை. அம்பாசமுத்திரத்துக் கடிதத்துக்குத்தான் பதில் நீளம். அவருக்கு நேர்ந்தது இந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் நேரலாம்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தாத்தா வைத்திருந்த 1965 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் நன்றாக ஓடுகிறது. அந்தக் காலத்திலேயே இரும்புக் கூரையைக் கழற்றிவிட்டு ரெக்சின் ஹூட் தைத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் ஷெட் கிடையாது. தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். போன வாரம் ராத்திரி யாரோ பிளேடால் ஹூட்டைக் கிழித்து ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேட்டரியையும் காணோம். அடுத்து காரையே கொண்டுபோய்விடுவார்களோ என்று அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. நல்ல பூட்டாக ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. அந்த ஹூட்டை இனி அதே மாதிரி தைக்க ஆள் கிடைப்பதே கஷ்டம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் வந்தவன் காருக்காக வந்தவன் இல்லை. பேட்டரி அன்றைக்கே காயலான் கடையில் காசாகிவிடும். முழு ஹெரால்டை ஓட்டிக்கொண்டு போனால் கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் நாலு பேர் "யார் கார் இது?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் உங்கள் கவலையை இரண்டாகப் பிரியுங்கள். சில்லறைத் திருட்டு அடிக்கடி வரும். முழுத் திருட்டு அபூர்வம், ஆனால் வந்தால் கார் போனதுதான். ஒரே பூட்டு இரண்டுக்கும் ஆகாது.

ஹெரால்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் எங்கே காவல் வேண்டும் என்பது தானாகவே விளங்கும். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961இல் கட்டத் தொடங்கிய கார் இது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான். உங்கள் தாத்தா அதைக் கழற்ற முடிந்ததும் அதனால்தான். முன்பக்கம் முழுவதும், பானட்டும் இரண்டு மட்காடும் ஹெட்லைட்டும் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னால் சாயும். மெக்கானிக்குக்கு அதைவிட வசதி வேறில்லை, சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால் அந்தப் பானட்டைத் திறக்கும் கொக்கிகள் வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. சாவி தேவையில்லை. உங்கள் பேட்டரி போன வழி அதுதான். ஹூட்டைக் கிழித்தது ரேடியோவுக்கு மட்டும்.

ஆகையால் முதல் வேலை அந்தக் கொக்கிகள். நல்ல டிங்கர் ஒருவரிடம் சொல்லி, கொக்கி விழும் இடத்தில் சின்ன வளையம் வைத்துப் பற்றவையுங்கள். திண்டுக்கல் பூட்டில் சின்ன அளவு ஒன்று வாங்கி இரண்டு பக்கமும் மாட்டுங்கள். பாடியில் புதுத் துளை போட விடாதீர்கள். துளை போட்ட இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும்.

இரண்டாவது, இன்ஜின் ஓடக்கூடாது. இதற்குப் பழைய காரில் ஒரு வசதி உண்டு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இரண்டு கிளிப்பைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினால், நடுவில் விரல் நீளத்தில் ரோட்டர் நிற்கும். மேல்நோக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு ரோட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போங்கள். பிளக் வயர்களை மட்டும் தொடாதீர்கள், வரிசை மாறினால் காலையில் நீங்களே திணறுவீர்கள். நாள் கணக்கில் நிறுத்தி வைக்கும் காருக்கு இதைவிட நல்ல பூட்டை நான் பார்த்ததில்லை.

தினமும் எடுக்கும் காருக்கு ஒளித்து வைத்த சுவிட்ச் போதும். ஆனால் அதை வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான எலக்ட்ரீஷியன்கள் சாவியிலிருந்து, ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலுக்கு வரும் வயரை வெட்டி நடுவில் சுவிட்ச் வைப்பார்கள். விஷயம் தெரிந்தவன் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிட்டால் அந்தச் சுவிட்ச் வீண். அதற்குப் பதில், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரில் ஒரு கிளை எடுத்து, சுவிட்ச் வழியாகப் பாடியோடு எர்த் செய்யச் சொல்லுங்கள். சுவிட்சைப் போட்டுவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்தாலும் ஸ்பார்க் வராது, காயிலுக்கு எங்கிருந்து கரண்ட் கொடுத்தாலும் சரி. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பார்ப்பவனுக்கு ரிப்பேர் வண்டி மாதிரித்தான் தெரியும். வயர் பழைய நிறத்திலேயே, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டதாக இருக்கட்டும். பழைய வயர்களோடு சேர்த்துத் துணி டேப் சுற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சுவிட்ச் போட்ட நிலையில் சாவியை ஆன் செய்து விட்டுவிடாதீர்கள், காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

மூன்றாவது, சங்கிலி. ஹெரால்டு கனமான கார் இல்லை. நாலு பேர் தள்ளினால் தெருமுனைக்குப் போய்விடும், அங்கே ஒரு சின்ன லாரி நின்றால் முடிந்தது. நீங்கள் கார் நிறுத்தும் இடத்தில், உங்கள் திண்ணை ஓரமாகக் காங்கிரீட்டில் ஒரு கொக்கியைப் பதித்து, சேசிஸைச் சுற்றிச் சங்கிலி போடுங்கள். பம்பரிலோ சக்கரத்திலோ போட்டால் ஸ்பேனரால் கழற்றிவிடுவார்கள்.

இனி ஹூட். கதவைப் பூட்டாமல் விட்டால் கிழிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே "பூட்டினீர்களா?" என்பதுதான். என் வழக்கம், கதவைப் பூட்டுவேன். ஆனால் கார் காலி என்று வெளியிலிருந்தே தெரியும்படி வைப்பேன். டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி திறந்தே கிடக்கட்டும். சீட்டில் துண்டுகூட வேண்டாம். ரேடியோவை இனி வைத்தால், சட்டென்று கழற்றி எடுத்துப் போகும்படி வையுங்கள். கிழிந்த இடத்தை உடனே உள்பக்கமாக ஒட்டுப்போட்டுத் தைத்துவிடுங்கள், தாமதித்தால் காற்றில் கிழிசல் வளரும்.

கவர் போடுங்கள். சாம்பல் நிறத்தில், எந்தக் கார் என்று தெரியாத மாதிரி, உள்பக்கம் பருத்தி வைத்ததாக வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் கவர் ஐப்பசி மழையில் உள்ளே வேர்த்து ஹூட்டைப் பூசணம் பிடிக்க வைக்கும். ஆனி ஆடிக் காற்றில் இழுத்துக் கட்டாத கவர் பெயிண்டை உரசி எடுத்துவிடும், வயிற்றுக்கு அடியில் கயிறு கொடுத்துக் கட்டுங்கள். அப்புறம் வேப்பமரம். நிழல் தரும், ஆனால் காக்கை எச்சமும் பிசினும் சேர்ந்து ரெக்சினை அரிக்கும். தெருவிளக்கு வெளிச்சம் விழும் பக்கமாகக் காரை நகர்த்தினால் இரண்டு வகையிலும் லாபம்.

போலீசில் சொல்லிவிட்டீர்களா? புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் திருட்டு 303ஆம் பிரிவு, சொத்தைச் சேதப்படுத்துவது 324ஆம் பிரிவு. சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் தண்டனை கூடும். ஆகவே ஹூட் தைப்பவரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, பேட்டரி பில்லோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவின் மாரிஸ் மைனர் திறந்த காரில் ஜி.பி.எஸ். கருவி வைக்கச் சொன்னேன். மாட்டிய அன்றே கருவி கருகிவிட்டது. பழைய காருக்கு இதெல்லாம் ஒத்துவராதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒத்துவரும் அம்மா. உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ் சேர்ந்திருக்கும். கருவியை மாட்டிய பையன் பழக்கத்தில் கறுப்பு வயரைப் பாடியில் முறுக்கியிருப்பான். உங்கள் காரில் சிவப்பு வயர் பாடிக்கு, கறுப்பு வயர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்கு. கருவியின் உறை இரும்பாக இருந்தால் அது பாடியில் படாமல் ரப்பர் சுற்றி வையுங்கள். வேலை தொடங்குமுன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

எப்போதாவது எடுக்கும் கார் என்றால் தனி பேட்டரி உள்ள கருவிதான் நல்லது. கருவி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு அரை ஆம்பியர் மணி. 40 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கருவியை டேஷ்போர்டின் அடியில், மேலே இரும்புத் தகடு மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். சிம் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்யாண ஊர்வலத்துக்கு எங்கள் பழைய ஓப்பன் காரைக் கேட்கிறார்கள். போன தடவை பின்னால் மடக்கிய ஹூட்டின் மேல் பையன்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், இப்போது ஹூட் மேலே வரமாட்டேன் என்கிறது. எப்படி மறுப்பது?
– வாசகர், தென்காசி

பதில்: மறுக்க வேண்டாம், நிபந்தனை சொல்லுங்கள். ஹூட்டின் துணியைத் தாங்கும் கம்பிகளான வில்கள் வளைந்திருக்கும். பலவந்தமாக இழுக்காமல் துணியைக் கழற்றி, வில்லைத் தனியாக எடுத்து நிமிர்த்துங்கள்.

காரை ஓட்டுவது உங்கள் வீட்டு ஆள். கூடவே இன்னொருவர் காரின் பின்னாலேயே நடந்து வரட்டும். கூட்டத்தில் ஓட்டுபவரால் பின்னால் பார்க்க முடியாது. பூவை நூலால் கட்டலாம், டேப் கூடாது, பிரித்தால் பழைய பெயிண்டும் கூடவே வரும். நுரை ஸ்பிரே அடித்தால் காய்வதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெடி போடுவதென்றால் கார் தெருவின் மறுமுனையில் நிற்க வேண்டும். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதே விதிதான், ஒரு பொறி விழுந்தால் ரெக்சினில் ஓட்டை. சாமான்கள் ஏற்றும் இடமாகப் பின் சீட்டைப் பயன்படுத்த விடாதீர்கள். குத்துவிளக்கின் நுனி சீட்டைக் கிழித்த கார் ஒன்று இப்போது என் ஒர்க்ஷாப்பில் நிற்கிறது.

காசு வாங்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த காரை வாடகைக்கு விட்டு ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கேள்வி: குற்றாலம் சீசனுக்குத் திறந்த ஜீப்பில் போகிறோம். குரங்குத் தொல்லைக்கு என்ன வழி?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தின்பண்டம் எதுவும் ஜீப்பில் இருக்கக் கூடாது, வாழைப்பழத் தோல்கூட. வாசனை வந்தால் ஹூட்டைப் பிய்த்துத்தான் உள்ளே போகும். ஜீப்பைக் கடைகளுக்குப் பக்கத்தில் விடாமல் தள்ளி நிறுத்துங்கள். கண்ணாடிக்குத் துணி உறை போடுங்கள், தன் முகத்தைப் பார்த்துவிட்டால் பிடுங்காமல் விடாது.

கேள்வி: எங்கள் 1962 காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருக்கிறது. களவு போனால் பணம் வருமா? விண்டேஜ் பதிவு எடுத்தால் நல்லதா?
– வாசகர், பெருமாள்புரம்

பதில்: மூன்றாம் நபர் பாலிசியில் களவுக்குப் பைசா வராது. முழுப் பாலிசி எடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்குத் தேய்மான அட்டவணை இல்லை. நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. ஆகவே நல்ல வெளிச்சத்தில் படங்கள், செலவழித்த பில்கள், சேசிஸ் எண் தகட்டின் படம் எல்லாவற்றையும் கொண்டுபோய் உட்கார்ந்து பேசுங்கள். களவு போனால் சாவிகளைக் கேட்பார்கள். உங்களிடம் ஒரே சாவிதான் என்றால் அதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

விண்டேஜ் பதிவு 2021 ஜூலையில் வந்த விதி. 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தக் காரைத் தினசரி உபயோகத்துக்கோ வருமானத்துக்கோ ஓட்டக்கூடாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணிக் கரைக்குக் குடும்பத்தோடு போய்வருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கூரையைக் கழற்றி ஹூட் போட்ட கார் வைத்திருப்பவர்கள், அம்பாசமுத்திரத்துத் தம்பியும்தான், ஆர்.சி.யில் பாடி வகை என்னவென்று பாருங்கள். சலூன் என்று இருந்தால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தெருப்பிள்ளைகள் ஆணியால் கார் முழுக்கக் கோடு போட்டுவிட்டார்கள். கேமரா வைக்கவா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: வையுங்கள், ஆனால் அதற்கு முன் அந்தப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கட்டும், ஹாரன் அடிக்கட்டும். மறுநாளிலிருந்து வேறு யார் காரைத் தொட்டாலும் அவர்களே வந்து சொல்வார்கள். எங்கள் தெருவில் இது நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோடுகளை நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் பாலிஷில் போய்விடும். தட்டினால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட். தகடு தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தால் மழைக்கு முன் பிரைமராவது அடித்துவிடுங்கள். பெயிண்டர் கார் முழுக்க அடித்துத் தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.