“அது ஒன்றும் பண்ணாது” என்கிறார்கள்!

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு நாய் இரண்டு முறை கேட்டைத் தாண்டி வந்து அவளைத் துரத்தியது. போன வாரம் சட்டையைக் கவ்விக் கிழித்துவிட்டது. பல் படவில்லை என்றுதான் நினைக்கிறேன். போய்ச் சொன்னால், “அது ஒன்றும் பண்ணாது, விளையாடத்தான் வருது, பாப்பாவை ஓடாம இருக்கச் சொல்லுங்க” என்கிறார்கள். தினமும் முகம் பார்க்கிறவர்கள், சண்டை போடவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் கை, முதுகு, இடுப்பு எல்லாம் பாருங்கள். சின்னக் கீறல் தெரிந்தாலும், ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடாமல், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அதற்கு முன்னால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். இனி எப்போதாவது பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கிற, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள்) போட வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

அடுத்து அந்த வீட்டுக்காரர்கள். சட்டையைக் கிழித்த நாயை ‘ஒன்றும் பண்ணாது’ என்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்களிடம் அது சாதுவாக இருக்கலாம், உங்கள் மகள் அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லையே! ஆறு வயதுக் குழந்தையின் முகமும் கழுத்தும் நாயின் வாய் எட்டுகிற உயரத்தில்தான் இருக்கின்றன, அதனால்தான் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு போய், குரலை உயர்த்தாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: கேட்டை உயர்த்தித் தாழ்ப்பாளைச் சரி செய்வது எப்போது, வெளியே கூட்டிப்போகும்போது கயிறும் வாய்க்கூடும் போடுவார்களா, ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் காட்ட முடியுமா. நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறோம் என்றால் சரி என்று சொல்லிவிடாதீர்கள், கட்டியே கிடக்கிற நாய்க்கு மூர்க்கம் கூடத்தான் செய்யும். சொன்ன தேதியில் எதுவும் நடக்கவில்லை என்றால் தயங்காமல் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். நாய் எந்தெந்தத் தேதியில் வந்தது, யார் பார்த்தார்கள் என்று இப்போதே குறித்து வையுங்கள், கிழிந்த சட்டையைப் படமும் எடுத்து வையுங்கள்.

ஓடக்கூடாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் நாயை அடக்கி வைக்காததற்கு அது சாக்கு ஆகாது. மகளுக்கு விளையாட்டுப் போலப் பழக்குங்கள். நாய் வந்தால் கத்தாமல், அதன் கண்ணைப் பார்க்காமல், கைகளை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நிற்க வேண்டும். தள்ளிவிட்டால் பந்து போலச் சுருண்டு, கையால் காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். வாலை ஆட்டினாலே நல்ல நாய் என்று நினைக்கக்கூடாது என்றும் சொல்லுங்கள். இவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் பயத்தில் குழந்தை ஓடத்தான் செய்யும். அதனால் கேட் சரியாகும்வரை வாசலில் அவளைத் தனியே விடவே வேண்டாம்.

வெளியே வர மாட்டேன் என்கிறவளைத் திட்டாதீர்கள். தடவிக்கொடுத்தால் பயம் போய்விடும் என்று யாராவது அந்த நாயிடம் கூட்டிப்போகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் எவ்வளவு தூரம் வருகிறாளோ அவ்வளவு தூரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.