பிட்ஸ்பர்க் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் எச் வருமா? மாநிலப் பெயருக்குப் பிறகும் காற்புள்ளி வேண்டுமா?

எந்த மாநிலத்து ஊர் என்பதைப் பொறுத்தது. பென்சில்வேனியாவில் உள்ள பெரிய நகரம் என்றால் ஜிக்குப் பின் எச் கட்டாயம். கான்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. அவற்றுக்கு எச் கிடையாது. குழப்பத்துக்குக் காரணமும் உண்டு: 1891இல் அமெரிக்க அரசின் புவியியல் பெயர்கள் வாரியம் பென்சில்வேனியா நகரப் பெயரிலிருந்தும் எச் எழுத்தை நீக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு, 1911இல் திரும்பப் பெற்றார்கள். அதனால் அந்த இருபது ஆண்டுக் கால ஆவணங்களில் எச் இல்லாமல் இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. மேற்கோள் காட்டும்போது திருத்தாதீர்கள்.

அடுத்து காற்புள்ளி. பலர் தவறுவது இங்கேதான். வாக்கியத்தின் நடுவில் மாநிலப் பெயர் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வேண்டும்: 'ஷி லிவ்ட் இன் பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா, ஃபார் டென் இயர்ஸ்.' மாநிலப் பெயர் இங்கே இடைச்செருகல். ஒரு பக்கம் மட்டும் காற்புள்ளி போடுவது, அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விடுவது போல. வாக்கியம் அங்கேயே முடிந்தால் முற்றுப்புள்ளி போதும்.

பென்சில்வேனியாவைக் குறிக்கும் பி ஏ என்ற ஈரெழுத்துச் சுருக்கம் அஞ்சல் முகவரிக்கு உரியது. இரண்டும் பெரிய எழுத்து, நடுவில் புள்ளி கிடையாது, அதற்கும் ஜிப் எனப்படும் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் இடையே காற்புள்ளியும் கிடையாது. கட்டுரையில் மாநிலப் பெயரை முழுதாகவே எழுதுங்கள்.