இடுப்பில் எவ்வளவு, முதுகில் எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் உம்கோமாஸிலிருந்து அலிவால் ஷோல் என்னும் கடலடிப் பாறைத்திட்டுக்குச் செல்லும் படகுகளில் டைவிங் போகிறேன். 5 மி.மீ. வெட்சூட் (நுரைரப்பர் உடை), முதுகில் 12 லிட்டர் எஃகு சிலிண்டர், மூழ்குவதற்காக இடுப்புப் பட்டையில் 10 கிலோ ஈயம். எவ்வளவு முயன்றாலும் கால்கள் தாழ்ந்துவிடுகின்றன. மணலைக் கிளறிவிடுகிறேன் என்று உடன் வருபவர்கள் குறைப்படுகிறார்கள். ஈயம் முழுவதையும் சிலிண்டரைச் சுற்றியுள்ள பட்டைக்கு மாற்றிவிடும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். மாற்றலாமா, ஐயா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: முழுவதையும் மாற்றாதீர்கள். முதலில் அந்த 10 கிலோவும் உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குறை, ஈயம் இருக்கும் இடத்தில் மட்டுமன்றி, அதன் அளவிலும் இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீருக்குள் நம்மைத் தூக்கும் விசையின் பெரும்பகுதி நெஞ்சைச் சுற்றியே அமைகிறது. நுரையீரல் அங்கே இருக்கிறது, பி.சி.டி. என்னும் மிதவைச் சட்டையில் நிரப்பிய காற்றும் உடல் சற்று நிமிர்ந்தவுடன் தோள்பக்கம் ஏறிவிடுகிறது. ஈயமோ இடுப்பிலிருந்து கீழே இழுக்கிறது. தேவைக்கு மேல் 3 கிலோ கட்டியவர், அதைச் சமன்செய்வதற்காக ஏறத்தாழ 3 லிட்டர் காற்றைக் கூடுதலாகச் சட்டைக்குள் விட வேண்டியிருக்கிறது. மேலே அந்தக் காற்றும் கீழே அந்த ஈயமும் சேர்ந்து உடலை நிமிர்த்திவிடுகின்றன. நிமிர்ந்த நிலையில் ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) அடித்தால் உடல் முன்னே செல்வதோடு மேலேயும் ஏறப் பார்க்கும். அதைத் தடுக்கச் சிறிது காற்றை வெளியேற்றுவோம். பிறகு அடிப்பதை நிறுத்தியவுடன் மூழ்கத் தொடங்குவோம். ஆகவே ஓய்வின்றிக் காலை அடித்துக்கொண்டே இருக்க நேர்கிறது, காற்றும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. இதைவிடக் கவலை தருவது, மேலேறும்போது சட்டையிலுள்ள அந்தக் கூடுதல் காற்று விரிந்து, ஆளைக் கட்டுக்கடங்காத வேகத்தில் தூக்கிச் செல்லக்கூடும் என்பதாகும்.

அளவை டைவின் முடிவில் சோதிப்பதே சரி. 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) தொடங்கி 50 பார் வரை சுவாசித்தால், 12 லிட்டர் சிலிண்டரிலிருந்து சுமார் 1,800 லிட்டர் காற்று செலவாகிறது. அதன் எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். வெட்சூட்டின் நுண்குமிழ்களும் ஆழத்தில் நசுங்கி, மேலே வரும்போது மீண்டும் உப்புகின்றன. ஆகவே நீங்கள் மிக எளிதாக மிதந்துவிடும் கட்டம் கடைசி ஐந்து மீட்டர்தான். அங்கே நிற்பதற்குப் போதுமான ஈயம் வேண்டும், அதற்கு மேல் வேண்டியதில்லை. 50 பார் மிச்சமிருக்கும் நிலையில், 5 மீட்டரில் நிற்கும்போது சட்டையிலுள்ள காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றிப் பாருங்கள். சட்டை முற்றிலும் காலியான பின்னும் இயல்பான மூச்சோடு அதே ஆழத்தில் நிற்க முடிந்தால் அளவு சரி. மூழ்கினால் அடுத்த முறை 1 கிலோவைக் குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அளவு தெரிந்த பிறகுதான் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கைகளை முன்னே நீட்டி, முழங்காலை மடித்து, சிறிது நேரம் அசையாமல் இருந்தால் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பது தெரிந்துவிடும். கால் தாழ்ந்தால் சிலிண்டரை இரண்டு மூன்று விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுங்கள். வால்வு பின்தலையில் இடிக்காதவரை இதுவே செலவில்லாத வழி. அது போதாவிட்டால், இடுப்பிலிருந்து 1 கிலோவை எடுத்துத் தோள்மட்டத்துக்கு அருகே, சிலிண்டர்ப் பட்டையில் உள்ள பைகளில் இருபுறமும் சமமாகப் பிரித்து வையுங்கள். கனமான ரப்பர் ஃபின்களும் காலைத் தாழ்த்தும் என்பதால் அவற்றையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் ஷோலின் குகைகளில் உள்ளூரார் ரேகி என்றழைக்கும் சுறாக்கள் மணலுக்குச் சற்று மேலே மிதந்துகொண்டிருக்கும்போது, காலைத் தாழ்த்தியபடி நுழையும் ஒருவர் மணலைக் கலக்கிவிட்டால், அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும்.

நண்பரின் யோசனையை ஏன் மறுக்கிறேன் என்றால், சிலிண்டர்ப் பட்டையில் உள்ள ஈயத்தை, நெருக்கடியில் நீங்கள் கை நீட்டிக் கழற்ற இயலாது. நீர்மட்டத்தில் சட்டையில் காற்று நிற்காமல் போனாலோ, களைப்பில் தத்தளித்தாலோ, ஓர் இழுப்பில் உதறக்கூடிய ஈயமே உங்களை மிதக்க வைக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம் முன்னோர் கல்லின் துணையோடு இறங்கி, அடித்தளத்தை அடைந்ததும் அதை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் கயிற்றால் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறக்கும் எடை விடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். உங்கள் ஈயத்திலும் பெரும்பகுதி இடுப்பிலேயே, பிற வார்களின் கீழ் சிக்காமல், ஒரு கையால் திறக்கும் கொக்கியோடு இருக்கட்டும். ஆழத்தில் இருக்கும்போது மட்டும் அவசரப்பட்டு அதை உதறாதீர்கள். அங்கே அது கட்டுப்பாடற்ற ஏற்றத்தில் முடியும்.

கேள்வி: நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதவில்லையே, ஏன்? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. உடலும் சாதனங்களும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் ஏறத்தாழ 2.5 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். எஃகு சிலிண்டருக்குப் பதிலாக அலுமினியச் சிலிண்டர் கிடைத்தாலும் இப்படி ஒரு வேறுபாடு வரும். காலியாகும்போது அது மிதக்கத் தொடங்கிவிடும். ஈயத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் குளத்தில் பழகிக்கொள்ளுங்கள், அளவைக் கடலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ரப்பர் படகில் ஏறும்போது பி.சி.டி.யை முதலில் கழற்ற வேண்டுமா, எடைப் பட்டையையா? (வாசகர், டோங்காட்)

பதில்: எடைப் பட்டையைத்தான். சட்டையை முதலில் கழற்றிவிட்டால் இடுப்பில் ஈயத்தோடும் மிதவை இன்றியும் அலையில் நிற்பீர்கள். சட்டையில் காற்றை நிரப்பி, ஒரு கையால் படகின் கயிற்றைப் பற்றிக்கொண்டு, பட்டையைக் கொக்கியில்லாத முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுங்கள். கொக்கி கீழே இருந்தால் ஈயக் கட்டிகள் நழுவாது.