த்ரெட்டைத் தொடங்கிவிட்டால் போதுமா?

கேள்வி: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கொடுமுடியாறு என்று நாலு அணைகளின் பல வருஷத்து மழைக் கணக்கு, தனித்தனிக் கோப்பாக என்னிடம் இருக்கிறது. கோப்புக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலை) என்று சி++-இல் எழுதி, மழை பெய்த நாட்களை ஒரே மாறியில் கூட்டுகிறேன். நிரல் ‘டெர்மினேட் கால்டு’ என்று விழுகிறது. டிடாச் (த்ரெட்டைத் தன் போக்கில் ஓட விடுவது) போட்டால் விழவில்லை, ஆனால் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு எண் வருகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், மழைக் கணக்கில் எண் தப்பாக வரவே கூடாது. உங்கள் நிரலில் இருப்பது இரண்டு தனித்தனித் தவறு.

ஜாயினும் (த்ரெட் முடியும்வரை காத்திருப்பது) சொல்லாமல் டிடாச்சும் சொல்லாமல் ஒரு த்ரெட் ஆப்ஜெக்ட் அழியும் இடத்துக்கு வந்தால், சி++ டெர்மினேட்டைக் கூப்பிட்டு நிரல் முழுவதையும் நிறுத்திவிடும், விதியே அப்படித்தான். டிடாச் போட்டதும் விழுவது நின்றது, சரி, ஆனால் நிரலின் முதன்மைப் பகுதியான மெயின் யாருக்கும் காத்திராமல் அதுவரை சேர்ந்த கூட்டுத்தொகையை அச்சடித்துவிட்டு முடிந்துபோகிறது, பாதியில் இருக்கிற த்ரெட்டும் அதோடு போச்சு. டிடாச்சை எடுத்துவிடுங்கள். த்ரெட்டுகளை ஒரு வெக்டரில் (வரிசைப் பட்டியல்) வைத்து, நாலையும் தொடங்கிய பிறகு இன்னொரு லூப்பில் ஜாயின் சொல்லுங்கள். தொடங்குகிற லூப்புக்குள்ளேயே ஜாயின் போட்டால் பாபநாசம் முடிந்த பிறகுதான் சேர்வலாறு தொடங்கும், அதற்கு நாலு த்ரெட் எதுக்கு? சி++20 இருந்தால் ஜேத்ரெட் போடுங்கள், அழியும்போது அதுவே ஜாயின் செய்துகொள்ளும்.

அப்புறம் அந்த எண். ஜாயின் போட்டாலும் அது சரியாகாது. மாறியில் ஒன்றைக் கூட்டுவது நம் கண்ணுக்கு ஒரே வரி, உள்ளே நடப்பது மூன்று வேலை: எடுப்பது, கூட்டுவது, திரும்ப வைப்பது. மாறியில் 41 இருக்கும்போது மணிமுத்தாறு த்ரெட்டும் கொடுமுடியாறு த்ரெட்டும் சேர்ந்தாற்போல் எடுத்தால் இரண்டுமே 42 என்று வைத்துவிடும், இரண்டு நாள் மழைக்கு ஒரு நாள்தான் கணக்கில் ஏறும். இதற்குப் பெயர் டேட்டா ரேஸ். ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி மியூட்டெக்ஸால் பூட்டலாம், அந்த மூன்று வேலையும் பிரியாமல் ஒன்றாக நடக்கும்படி மாறியை அட்டாமிக் ஆக்கலாம், உங்கள் வேலைக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஒவ்வொரு த்ரெட்டும் தனக்குள் ஒரு லோக்கல் மாறியில் எண்ணட்டும், எண்ணி முடித்ததும் முடிவு வெக்டரில் தன் இடத்தில் மட்டும் எழுதட்டும், ஜாயின் எல்லாம் முடிந்தபின் மெயின் கூட்டிக்கொள்ளும். அந்த வெக்டருக்கு முன்கூட்டியே நாலு இடம் ஒதுக்கிவிடுங்கள், த்ரெட்டுக்குள் புஷ்பேக் செய்து கடைசியில் புது இடம் சேர்த்தால் அங்கேயும் இதே ரேஸ்தான். மாற்றிய பிறகு, இந்த ரேஸைக் கண்டுபிடிக்கிற கருவியான த்ரெட் சானிடைசரோடு கம்பைல் செய்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஓடும்போது எங்காவது மோதினால் எந்த வரியும் எந்த வரியும் என்று காட்டிவிடும்.