பாதரசத்தைத் தின்னும் பாக்டீரியாவும் பி.எஸ்சி. அட்மிஷனும்: ராணிப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். "நீட் போனது போகட்டும். இப்போ பாதரசத்தைத் தின்ற பாக்டீரியாவைப் படிக்கணும்னு அடம்பிடிக்கிறா. இதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் வெறும் மூன்று வருஷப் படிப்பில் கிடைக்காது. ஐந்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் மகளிடம் ஒரு திருத்தம் சொல்லுங்கள்: அந்த பாக்டீரியா பாதரசத்தைத் தின்பதில்லை. பாதரசம் ஒரு தனிமம், எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது. புரதங்களில் இருக்கும் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் ஆக்குவதுதான் அதன் நஞ்சு. மாசுபட்ட சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்களிடம் 'மெர்' என்ற மரபணுத் தொகுப்பு இருக்கிறது. பாதரசம் வந்ததும் அதிலுள்ள ஒரு புரதம் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. நஞ்சை வெளியே தள்ளாமல், செல் அதை வலிய உள்ளே இழுக்கிறது. உள்ளே ஒரு நொதி இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து, மின்னூட்டம் கொண்ட பாதரச அயனியை உலோகப் பாதரசமாக மாற்ற, அது ஆவியாக வெளியேறிவிடுகிறது. சில இனங்களில் இன்னொரு நொதியும் உண்டு. 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசத்தையும் அது உடைத்துவிடும்.

பாக்டீரியாவுக்குத் தொல்லை தீர்ந்தது, நமக்குத் தீரவில்லை. ஆவி காற்றில்தான் கலக்கிறது. அதைப் பிடித்து அடைத்தால்தான் சுத்திகரிப்பு. அங்கேதான் வேலையும் இருக்கிறது. ஜெர்மனியில் ஆலைக் கழிவுநீரை இந்த பாக்டீரியாக்கள் வளரும் தொட்டி வழியாக விட்டு, உலோகப் பாதரசத்தை உள்ளேயே தேக்கிக் காட்டினார்கள்.

மருத்துவம் கைவிட்டுப் போனதே என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. இந்த மெர் மரபணுக்கள் பல நேரம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் டி.என்.ஏ. துண்டுகளில் இருக்கின்றன. அதே துண்டில் ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒட்டியிருப்பதுண்டு. ஆகவே பாதரசத்தைப் படிக்கிற பெண் ஆஸ்பத்திரி நுண்ணுயிரியலுக்கும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

நம் பக்கம் பாதரசத்தைவிட குரோமியம்தான் பெரிய தலைவலி. தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலையாகக் கிடக்கிறது. தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கினோம். கொடிய ஆறு-இணைதிறன் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூன்று-இணைதிறனாக மாற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. அவள் ஆசைப்படும் அறிவியலுக்கு ஆய்வுக்களம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி படிப்பு. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். துணைப்பாடமாக வேதியியல் இருக்கும் கல்லூரியாகப் பாருங்கள், மேலே சொன்னதில் பாதி வேதியியல்தான். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் லேபுக்குள் போங்கள். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? பிள்ளைகள் தாங்களே நுண்ணுயிர் வளர்க்கும் பிளேட் ஊற்றுகிறார்களா, ஆசிரியர் செய்வதை எட்டிப் பார்க்கிறார்களா? இந்த ஒரு டிகிரிக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் மருந்து, பால், உணவுக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேப், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், பொதுச் சுத்திகரிப்பு நிலைய லேப் என்று இடம் உண்டு, சம்பளம் சுமார்தான். எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம், கேட்-பி நுழைவுத் தேர்வுகளுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்தே தயாராகட்டும். எம்.எஸ்சி. முடித்து, மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்.-ன் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சென்னை அடையாறில் உங்கள் தொழிலுக்கென்றே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம்தான்.

ஆர்வக் கோளாறில் பழைய தெர்மாமீட்டரை உடைத்து வீட்டிலேயே சோதனை செய்ய மட்டும் விடாதீர்கள். பாதரச ஆவி மூச்சில் போவது ஆபத்து.

அவள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்த கையோடு அங்கேயே கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரும் அவள் பெயரில் வங்கிக் கணக்கும் இப்போதே தயாராக இருக்கட்டும்.