தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பழைய டெரஸ் (வரிசை) வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். அப்பா தோட்டத்தில் குலை வெட்டியவர். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வந்து நாங்கள் வாங்கிய முதல் வீடு இப்படித் தோட்டத்து ஓரமாகத்தான் இருந்தது. "பின்னால ஒரே மரம், காத்து ஜிலுஜிலுன்னு வரும்" என்றார் தரகர். வீடு பார்க்கப் போன அன்று அப்பா மட்டும் அண்ணாந்து பார்த்து, "குலை வெட்டுற கம்பு எட்டாத மரமாச்சே, இன்னும் ஏன் சாய்க்காம வச்சிருக்கான்?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அந்த வயது தாண்டியும் மரம் சும்மா நின்றால், முதலாளி வேறு கணக்குப் போடுகிறார் என்று சந்தேகப்படலாம். எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது. நாலு வருடத்தில் தோட்டம் கைமாறியது. லோரி லோரியாகச் செம்மண் கொட்டி, எங்கள் அடுப்படித் தரையைவிட உயர்த்திவிட்டார்கள். அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குத்தான்.

ஆகவே முதலில் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' வரைபடத்தைக் கேளுங்கள். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி தயாராகும் உள்ளூர்த் திட்டம் அது. இன்று பச்சையாக நிற்கும் தோட்டம் அதில் வீடமைப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ இருக்கலாம். அரசாங்கத்தின் நகர், கிராமத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்திலும் பார்க்கலாம். ஆனாலும் நேரில் கேட்பதுதான் நல்லது.

அப்புறம் கிராண்ட், அதாவது நிலப்பட்டா. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' (பட்டா விவரத் தேடல்) எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். நிலவகை 'பங்குனான்' (கட்டடம்) என்று இருக்க வேண்டும். 'பெர்தானியான்' என்றால் அது விவசாய நிலம். தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்களில் சிலர், மலிவு என்று விவசாய நிலத்தில் பங்கு வாங்கி வீடு கட்டிவிட்டு, தனிக் கிராண்ட் இல்லாமல் அல்லாடுகிறார்கள். மலாய் ரிசர்வ், அதாவது மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய நிலம், என்று பதிவாகியிருந்தால் பேச்சே வேண்டாம், நம் பெயருக்கு மாற்ற முடியாது. குத்தகை நிலமென்றால் மீதி எத்தனை வருடம் என்று பாருங்கள். பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டியிருக்கும், அதற்கும் நாள் பிடிக்கும்.

பந்திங் இருக்கும் கோலலங்காட் மாவட்டத்தில் பல இடங்களில் கரிமண், அதாவது 'தானா கம்புட்'. தண்ணீர் வடிய வடிய அமுங்கும் மண். வீடு ஆழத்தில் இறக்கிய தூண்மேல் அசையாமல் நிற்கும். கார் நிறுத்தும் முன்தளம் மட்டும் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் குனிந்து பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு விரிசலில் என் கையே நுழைந்தது. மேலே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

வெள்ளத்துக்கு மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். மின் பிளக்குகள் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியது நினைவிருக்கும். வீட்டுக்காரர் மழுப்பினாலும் மூலைக் கடைக்காரர் மழுப்ப மாட்டார்.

பக்கத்தில் செம்பனை ஆலை இருந்தால் ராத்திரி ஒருமுறை போய் நில்லுங்கள். கழிவுக் குளத்து வாடை பகலில் அவ்வளவாகத் தெரியாது. எனக்குப் பழகிவிட்டது. என் மனைவிக்கு இன்னும் பழகவில்லை.